மழை வந்துவிடுமோ? – வேதாரண்யம் வானத்தைப் பார்க்கிறது!

மழை பெய்யவில்லையே என்று கவலைப்படும் ஊர்கள் நம் நாட்டில் ஏராளம். மழை பெய்துவிடுமோ என்று கவலைப்படும் ஊரும் ஒன்று உண்டு.

அதுதான் வேதாரண்யம்.

நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது இந்தச் சிறிய ஊர். கிழக்கே வங்கக் கடல். தெற்கே போனால் கோடியக்கரை. அங்கே கடற்கரை சட்டென்று மேற்குப் பக்கமாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே, இந்த ஊருக்குக் கிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல்.

ஊரைச் சுற்றி அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் ஆகிய இடங்களில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. சுமார் 9 ஆயிரம் ஏக்கர்! தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு அதிகம் விளைவது இங்கேதான்.

1930–ம் ஆண்டு ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியில் இருந்து நடந்து வந்து உப்பு எடுத்தார்கள் அல்லவா? அது இந்த அகஸ்தியன்பள்ளியில்தான். தேதி, ஏப்ரல் 30.

ஏப்ரல் மாதம் என்பதைக் கவனியுங்கள். அது நல்ல வெயில் காலம். கார்த்திகை மாதத்தில் வந்திருந்தால், அள்ளுவதற்கு உப்பு இருந்திருக்காது. பாத்தி முழுவதும் மழைத் தண்ணீர்தான் நின்றிருக்கும்!

ஒரு மழை என்ன செய்யும்?

தை, மாசியில் உப்பள வேலை தொடங்கும். புரட்டாசி வரை நடக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால், அந்த ஆண்டு வேலை முடிந்தது.

உப்பு எப்படி விளைகிறது?

உப்புத் தண்ணீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் காய விடுகிறார்கள். தண்ணீர் வற்ற வற்ற, உப்பின் கனம் ஏறிக்கொண்டே போகும். இதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. கண்ணாடிக் குழாய் போல இருக்கும். தண்ணீரில் விட்டால் மிதக்கும். கடல் தண்ணீரில் அது சுமார் 3 டிகிரி காட்டும். அதே தண்ணீர் காய்ந்து காய்ந்து சுமார் 25 டிகிரிக்கு வந்தால்தான், உப்பு மணி மணியாகப் பூக்கத் தொடங்கும்.

3–ல் இருந்து 25 வரை ஏற, நாள் கணக்கில் வெயில் வேண்டும்.

இந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், அங்கே விழும் தண்ணீர் 40 ஆயிரம் லிட்டர்! 10 ஆயிரம் லிட்டர் லாரி நான்கைக் கொண்டுவந்து, ஒரு ஏக்கர் பாத்தியில் கொட்டியதற்குச் சமம்.

அவ்வளவுதான். ஏறிய டிகிரி இறங்கிவிடும். பூத்த உப்பு கரைந்துவிடும். தண்ணீரை வடித்து, பாத்தியைச் சரி செய்து, மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். மீண்டும் உப்பு வாருவதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிடும். அத்தனை நாளும் தொழிலாளிக்குக் கூலி இல்லை.

ஆனால் ஒன்று. வேதாரண்யம் என்றால் உப்பு மட்டும் அல்ல. வயல் உண்டு, தென்னை, மாந்தோப்பு உண்டு, முல்லைப் பூக் கொல்லை உண்டு. அவற்றுக்கு மழை வேண்டும்! ஆகவே, அண்ணன் உப்பளத்திலும் தம்பி வயலிலும் வேலை செய்யும் வீட்டில், இப்படி ஒரு பேச்சு நடந்தால் ஆச்சரியம் இல்லை:

"அண்ணே, நாளைக்கு மழைன்னு சொல்றாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேன்டா தம்பி. 'ஓரிரு இடங்களில்'னு சொன்னாங்க. அந்த இடம் எது? உன் வயலா, என் பாத்தியா?"

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல, இரண்டைப் படிக்கத் தெரிய வேண்டும். ஒன்று, வானிலை அறிக்கை. இன்னொன்று, தலைக்கு மேலே இருக்கும் மேகம்.

மேகத்தில் இருந்து தொடங்குவோம்.

பெயர் வைத்த மருந்துக்காரர்

மேகம் என்பது புகை அல்ல; பஞ்சும் அல்ல. மிக மிகச் சிறிய நீர்த்துளிகளின் கூட்டம்.

செம்பில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் செம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கும். காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவிதான், குளிர்ந்த செம்பைத் தொட்டதும் தண்ணீராகிவிட்டது. வானத்தில் நடப்பதும் இதுதான். சூடான காற்று மேலே போகிறது. போகப் போகக் குளிர்கிறது. அதில் உள்ள நீராவி, காற்றில் மிதக்கும் தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. கடல் ஓரத்தில் உப்புத் துகளும் இந்த வேலையைச் செய்கிறது.

அந்தத் துளி எவ்வளவு சிறியது தெரியுமா? சுமார் 10 லட்சம் மேகத் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி!

மேகங்களுக்கு மக்கள் ஊருக்கு ஒரு பெயர் சொல்லி வந்தார்கள். உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்ட பெயர்களுக்கு அடிப்படை போட்டவர், லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்டு. மருந்து தயாரித்து விற்பதுதான் அவர் தொழில். வானத்தைப் பார்ப்பது அவர் ஆசை. 1802–ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு சிறிய சங்கத்தின் கூட்டத்தில் அவர் மேகங்களைப் பற்றிப் பேசினார். சுருள், குவியல், விரிப்பு என்று பொருள்படும் லத்தீன் பெயர்களைச் சூட்டினார். அந்தப் பெயர்கள்தான் இன்றுவரை நிலைத்துவிட்டன.

நம் பள்ளிக்கூடப் புத்தகங்களில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று குழந்தைகள் படிக்கிறார்களே, அவை இந்த மூன்றும்தான்.

பஞ்சு மேகம்

வெயில் காலத்தில் காலை 10 மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள். வெள்ளை வெளேர் என்று பஞ்சுப் பொதிகள் மிதக்கும். இதுதான் திரள் மேகம். அடிப்பக்கம் மட்டம் பார்த்து வெட்டியது போல இருக்கும். அந்த உயரத்தில்தான் நீராவி துளியாகத் தொடங்குகிறது என்று அர்த்தம்.

பார்ப்பதற்கு லேசாக இருக்கும். ஆனால், ஒரு கிலோ மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பஞ்சு மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கிறது! துளிகள் மிகச் சிறியவை என்பதாலும், கீழே இருந்து காற்று தாங்கிக்கொண்டே இருப்பதாலும், அவை மிதக்கின்றன.

இந்த மேகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அகலமாக, தட்டையாக, கலைந்து கலைந்து போனால், அன்று வெயில்தான். தாராளமாக வடகம் போடலாம். மிளகாய் காய வைக்கலாம்.

ஆனால், உயரத்தைப் பார்க்க வேண்டும். அகலத்தைவிட உயரம் அதிகமாகி, தலை காலிபிளவர் போலப் பொங்கிப் பொங்கி மேலே போனால், அன்றைய கதை வேறு.

இடி மேகம்

அப்படிப் பொங்கிய மேகம் நிற்காமல் வளர்ந்தால், இடி மேகம் ஆகும். இதைக் கார்திரள் மேகம் என்பார்கள்.

இமயமலையின் எவரெஸ்ட் சிகரம் 9 கிலோ மீட்டர்கூட இல்லை. நம் ஊர் இடி மேகம் 15 கிலோ மீட்டர் உயரம்கூட வளரும்! கீழே நாம் வியர்த்துக்கொண்டு நிற்கிறோம். அந்த மேகத்தின் உச்சியிலோ எல்லாம் பனிக்கட்டி. உச்சிக்குப் போன பிறகு, மேலே ஏற வழி இல்லாமல், கொல்லன் பட்டறையில் இருக்கும் பட்டடைக் கல்லைப் போல பக்கவாட்டில் விரியும். தூரத்தில் அந்த உருவத்தைப் பார்த்தால், அங்கே இடியும் மழையும் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேதாரண்யத்தார் பார்க்க வேண்டிய திசை, கடல் அல்ல; மேற்கு! அந்த மாதங்களில் இடி மேகங்கள் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் உள்நாட்டில், தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் பிறக்கின்றன. மேலே வீசும் மேல்காற்று அவற்றைக் கடலை நோக்கித் தள்ளுகிறது. மாலையிலோ, இரவிலோ கரைக்கு வந்து சேரும். வழியிலேயே கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு வருவதும் உண்டு.

மழைக்கு முன்னால் திடீர் என்று குளுகுளு என ஒரு காற்று வீசும். "ஆஹா, என்ன சுகம்!" என்று நிற்காதீர்கள். மேகத்துக்குள் மழை இறங்கத் தொடங்கி, அது தள்ளிய குளிர்ந்த காற்று உங்களிடம் முதலில் வந்திருக்கிறது. அம்பாரத்தை மூடவும், கொடியில் கிடக்கும் துணியை எடுக்கவும், சில நிமிடமே பாக்கி.

இடி மேகத்தில் பயப்பட வேண்டியது மழைக்கு அல்ல, மின்னலுக்கு.

உப்பளத்தில் மரம் இல்லை, மேடு இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மட்டமான வெளி. அங்கே நிற்கும் மனிதன்தான் உயரமான பொருள். காலடியில் உப்புத் தண்ணீர் வேறு. இதைவிட ஆபத்தான இடம் எது?

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வினாடிகளை எண்ணுங்கள். இடிச் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். எண்ணியதை மூன்றால் வகுத்தால், மின்னல் எத்தனை கிலோ மீட்டர் தூரத்தில் விழுந்தது என்று தெரியும். 30 வரை எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டதா? மின்னல் 10 கிலோ மீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே வேலையைப் போட்டுவிட்டு, கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடி உதவாது; கீற்றுக் கொட்டகையும் உதவாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் வெளியே வரலாம்.

உப்பு போனால் மறுபடியும் விளையும்.

மற்ற மேகங்கள்

கீற்று மேகம் மிக உயரத்தில் இருக்கும். 6 கிலோ மீட்டருக்கு மேல். அது முழுவதும் பனித் துகள். குதிரை வாலைப் போல, தலைமுடியைப் போல மெல்லிய வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அதில் இருந்து நமக்கு ஒரு சொட்டுக்கூட விழாது. ஆனால், கார்த்திகை மாதத்தில் கடல் பக்கம் ஓர் இடத்தில் இருந்து விசிறி விரித்தது போலக் கீற்றுகள் கிளம்பி, நேரம் ஆக ஆக அடர்த்தியானால், அலட்சியம் கூடாது. தூரத்தில் சுழலும் புயல் தன் தலைப் பகுதியில் இருந்து வெளியே தள்ளும் மேகமாக அது இருக்கலாம்.

மீன் செதில் போல வரிசை வரிசையாகச் சிறு மேகங்கள் தெரிவதும் உண்டு. பார்க்க மிக அழகு. உடனே மழை தராது.

படை மேகம் என்பது தாழ்வான மூட்டம். வானத்துக்குச் சாம்பல் நிறப் போர்வை போர்த்தியது போல இருக்கும். தூறலோடு நின்றுவிடும். மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் மூடுபனி இறங்குகிறதே, அதுவும் இந்த ஜாதிதான். தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மேகத்துக்குத்தான் மூடுபனி என்று பெயர்! வெயில் ஏறினால் கலைந்துவிடும்.

சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியாதபடி வானம் கறுத்து, இடியும் இல்லாமல், காற்றும் இல்லாமல், நாள் முழுவதும் ஒரே சீராக மழை பெய்கிறதா? அது கார்ப்படை மேகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதை நிறையப் பார்க்கலாம். உப்பளக்காரருக்கு அப்போது இழக்க ஒன்றும் இல்லை. அம்பாரத்தைக் கீற்றாலோ தார்ப்பாயாலோ மூடிவைத்து, வீட்டில் இருப்பார். வயல்காரத் தம்பிக்கு அது திருநாள்!

அறிக்கையைப் படிப்பது எப்படி?

மேகம் அடுத்த சில மணி நேரத்தைச் சொல்லும். அடுத்த ஒரு வாரத்தைச் சொல்ல அதனால் முடியாது. அதற்குத்தான் வானிலை அறிக்கை.

1875–ம் ஆண்டு தொடங்கப்பட்டது இந்திய வானிலை ஆய்வுத் துறை. வானத்தில் இருந்து செயற்கைக்கோள்கள் மேகத்தைப் படம் பிடித்து அனுப்புகின்றன. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், காரைக்காலில் ஒரு ராடார் இருக்கிறது. மேகத்துக்குள் எவ்வளவு மழை இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. இந்த விவரங்களை எல்லாம் பெரிய கம்ப்யூட்டர்களில் போட்டுக் கணக்கிடுகிறார்கள்.

அறிக்கையில் வரும் வார்த்தைகள் சும்மா சொல்லப்படுபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு.

"ஓரிரு இடங்களில்" என்றால், மழை அளக்கும் இடங்களில் நான்கில் ஒரு பங்குக்குள் மழை பெய்யும் என்று அர்த்தம். "சில இடங்களில்" என்றால், நான்கில் ஒரு பங்குக்கு மேல், பாதிக்குள். "பெரும்பாலான இடங்களில்" என்றால், நான்கில் மூன்று பங்குக்கு மேல்.

அண்ணன் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "ஓரிரு இடங்களில்" என்று கேட்ட அன்று, பாத்தி தப்பிக்க வாய்ப்பு உண்டு. காலையில் வேலைக்குப் போகலாம். மதியத்துக்கு மேல் மேற்கே ஒரு கண் வைத்திருந்தால் போதும். "பெரும்பாலான இடங்களில்" என்று வந்துவிட்டால், யோசனையே வேண்டாம். வாரிய உப்பை உடனே மேட்டில் ஏற்றி மூடிவிட வேண்டியதுதான்.

மழை அளவுக்கும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால், கன மழை. 12 முதல் 20 வரை, மிக கன மழை. அதற்கும் மேலே போனால், அதி கன மழை. காலை 8.30 மணிக்கு அளந்தால், மறுநாள் காலை 8.30 மணிக்கு மீண்டும் அளப்பார்கள்.

நிறமும் உண்டு. பச்சை என்றால் கவலை இல்லை. மஞ்சள் என்றால் கவனம். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் உடனே பாதுகாப்பைத் தேடுங்கள்.

சரி. ஏழு நாளைக்குச் சொல்வதில், முதல் நாளுக்குச் சொல்வதும் ஏழாம் நாளுக்குச் சொல்வதும் ஒன்றா?

ஒன்று அல்ல.

1961–ம் ஆண்டு அமெரிக்காவில் எட்வர்ட் லோரன்ஸ் என்ற விஞ்ஞானி, கம்ப்யூட்டரில் வானிலைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை மறுபடியும் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி, 0.506 என்று கொடுத்தார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத வித்தியாசம்! தொடக்கத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே போயின. போகப் போக விலகின. கடைசியில், ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமே இல்லாத வானிலை வந்து நின்றது.

கடலுக்கு மேல் உள்ள காற்றை அங்குலம் அங்குலமாக யாரும் அளக்க முடியாது. அளவில் விட்டுப்போன சிறு வித்தியாசம், நாள் ஆக ஆகப் பெரிதாகிவிடும். ஆகவே, நாளைக்கும் மறுநாளைக்கும் சொல்வதை நம்பி வேலையைத் திட்டம் போடலாம். ஆறாம் நாள், ஏழாம் நாளைக்குச் சொல்வதை, "இப்படிப் போகும் போலிருக்கிறது" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் புது அறிக்கையைப் பார்க்க வேண்டும்.

பழைய அறிக்கை, பழைய சோறு அல்ல, மறுநாளைக்கு உதவாது!

'கஜா' வந்த வாரம்

இதை வேதாரண்யம் மக்கள் மறக்க முடியாத ஒரு வாரம் உண்டு. 2018–ம் ஆண்டு நவம்பர்.

10–ந் தேதி வங்கக் கடலின் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானது. 11–ந் தேதி புயல் ஆயிற்று. பெயர், 'கஜா'. இலங்கை கொடுத்த பெயர். கஜா என்றால் யானை.

கடலூருக்கும் ஆந்திராவில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே அது கரையைக் கடக்கும் என்று முதலில் அறிவித்தார்கள். அதோடு செய்தி பார்ப்பதை நிறுத்தியவர், "நமக்கு இல்லை, சென்னைப் பக்கம் போகிறது" என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

புயல் திசையை மாற்றிக்கொண்டது. அறிக்கையும் மாறியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்று சொன்னார்கள். வரைபடத்தில் பாருங்கள். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் துருத்திக்கொண்டு நிற்பது எது? கோடியக்கரை!

ஆயிரக்கணக்கான மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

15–ந் தேதி இரவு. 16–ந் தேதி பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடக்கத் தொடங்கியது. மணிக்கு 100 கிலோ மீட்டருக்கு மேல் காற்று. விடிந்து பார்த்தால், தென்னந்தோப்புகள் தரையோடு சாய்ந்து கிடந்தன. மாமரங்கள் வேரோடு புரண்டன. வீடுகளின் கூரை இல்லை. மின்சாரக் கம்பங்கள் இல்லை. உப்பளங்களில் கடல் சேறு புகுந்து கிடந்தது. கோடியக்கரைக் காட்டில் மான்கள் செத்துக் கிடந்தன. மாவட்டங்கள் பலவற்றில் உயிர்ச் சேதம்.

உப்பளக்காரரும் தோப்புக்காரரும் அன்று ஒன்றாகவே அழுதார்கள்.

முதல் நாள் சொன்ன இடம் தவறு என்று அறிக்கையைக் குறை கூறலாமா? ஐந்து நாளைக்கு முன்னால் சொன்னது அது. ஒவ்வொரு நாளும் குறி நெருங்கி வந்தது என்பதுதான் முக்கியம். கடைசி இரண்டு நாள் அறிக்கையைக் கேட்டு, முகாமுக்குப் போனவர்கள் உயிரோடு திரும்பினார்கள்.

அந்தச் சேற்றை வழித்து எறிந்துவிட்டு, அதே பாத்திகளில் மறுபடியும் தண்ணீர் பாய்ச்சினார்கள்.

கோடை காலத்தில் வேதாரண்யம் பக்கம் போனால், அகஸ்தியன்பள்ளி சாலையில் சற்று நில்லுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று உப்பு. வாரிக்கொண்டிருக்கும் தொழிலாளிகள் அடிக்கடி இடுப்பை நிமிர்த்துவார்கள். நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்ப்பார்கள். நீங்களும் பாருங்கள். பஞ்சுப் பொதி தட்டையாக இருக்கிறதா, உயரமாகப் பொங்குகிறதா என்று!